கடை ஆட்களுக்கு எழுத்தறிவு: அரசு தருவது எவ்வளவு, நாம் போடுவது எவ்வளவு?

அரவைப் பருவத்தில் படாளம் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசையாக நிற்கும். எடை மேடையில் வண்டி ஏறி இறங்கியதும் கையில் ஒரு சீட்டு வரும். அதை வாங்கிப் படித்துப் பார்த்து மடித்துச் சட்டைப் பையில் வைப்பவர் உண்டு. பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி, "என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுப்பா" என்பவரும் உண்டு. இந்த இரண்டாமவர் நமக்கு அயலார் அல்ல. நம் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், நம் கடையில் பொட்டலம் கட்டுகிறவர், மூன்று சக்கர வண்டியில் நம் சரக்கை ஊர் ஊராகக் கொண்டு போய்ப் போடுகிறவர் ஆகியோரில் இவர் இருக்கிறார்.

தமிழ்நாட்டின் எழுத்தறிவு 1991-இல் 62.66 சதவீதம், 2001-இல் 73.45, 2011-இல் 80.09 என்று மக்கள் தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. நல்ல ஏற்றம்தான். ஆனால் 2011 கணக்கின்படியே ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஐந்தாவது ஆள் அலுவலகங்களில் இருக்க மாட்டார். உடல் உழைப்பு உள்ள இடத்தில்தான் இருப்பார். கடைத்தெரு அப்படிப்பட்ட இடம்.

படிக்கத் தெரியாதவர் என்றால் கணக்குத் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பல கடைகளில் கால்குலேட்டரைத் தட்டும் இளைஞரைவிட, கையெழுத்துப் போடத் தெரியாத பெரியவர் வேகமாகக் கணக்குச் சொல்வார். முக்கால் கிலோ பருப்பு, கால் கிலோ புளி, நூறு மிளகாய் என்று அடுக்கினால் கூட்டுத்தொகை வாயில் வந்து நிற்கும். சரக்கை அவர் அடையாளம் காணும் விதமும் தனி. அரிசி மூட்டையில் அச்சிட்ட படத்தைப் பார்ப்பார். தைத்திருக்கும் நூலின் நிறத்தைப் பார்ப்பார். கையால் அள்ளிப் பார்ப்பார். இது ஒரு தேர்ந்த அறிவு. நாமும் அதை நம்பித்தான் இத்தனை ஆண்டுகள் கிடங்குச் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஆலைக்காரர் மூட்டையின் படத்தை மாற்றும்போது வருகிறது. நமக்குத் தெரிந்த ஒரு மொத்தக் கடையில் இப்படி நடந்தது. ஒரே ஆலை இரண்டு ரக அரிசிக்கு ஒரே படத்தை அச்சிட்டு, ரகத்தின் பெயரை மட்டும் கீழே சிறிய எழுத்தில் போட்டு அனுப்பியது. இருபது வருடம் பிசகாத ஆள், பதினெட்டு மூட்டையை மாற்றி ஏற்றி விட்டார். திருமண வீட்டுக்குப் போன சரக்கு. முதலாளி திட்டினார், ஆள் ஒன்றும் பேசவில்லை. எழுத்து தெரியாது என்பதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முதலாளிக்கோ அன்று வரை அது தெரியவே தெரியாது. இருபது வருடமாக!

மளிகைக் கடைகளில் இதைவிட ஆபத்தானது காலாவதித் தேதி. உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் 2006-இல் வந்தது. 2011 ஆகஸ்டு முதல் உரிமமும் பதிவும் நடைமுறைக்கு வந்தன. அதன் பிறகு, காலாவதியான பொட்டலம் அலமாரியில் இருந்தால் "பையன் கவனிக்கவில்லை" என்ற பதில் செல்லாது. பையனுக்குப் படிக்கவே தெரியாது என்பதை அதிகாரியிடம் சொல்லவும் முடியாது. குழந்தைக்கு வாங்கிப் போன பால் பவுடரில் தேதி தாண்டியிருந்தால் அபராதத்தோடு முடிகிற விஷயமும் அல்ல.

ஒன்றை நாம் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் நம் கடையில் எழுத்தறியாமல் இருக்கிறவர், எட்டு ஒன்பது வயதில் யாரோ ஒரு வணிகரின் கடையில் "பையனாக" வந்து சேர்ந்தவர். பெற்றோர் கொண்டு வந்து விட்டார்கள், சாப்பாடு போட்டோம், தொழில் கற்றுக் கொடுத்தோம், வளர்ந்து தனிக்கடை வைத்தவர்களும் உண்டு என்று பெருமையாகப் பேசுகிறோம். அது உண்மைதான். அந்தப் பையன் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய நேரத்தில் நம் கடையில் பொட்டலம் மடித்தான் என்பதும் உண்மை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்டவரைக் கடைவேலை உட்பட எந்த வேலைக்கும் கூலிக்கு வைக்கக் கூடாது என்று தடுத்து விட்டது. புதிதாக அப்படிப்பட்டவர் உருவாகும் வழி அடைபடுகிறது. பழையவர்கள் நம்மோடு இருக்கிறார்கள்.

அரசு இதுவரை செய்தது என்ன?

தேசிய எழுத்தறிவு இயக்கத்தை மத்திய அரசு தொடங்கிய நாள் 1988 மே 5. நாம் கடையடைத்து மாநாடு கூட்டும் வணிகர் தினமும் மே 5 தான். தேதி ஒன்றாக இருந்தும் இந்த இரண்டையும் சேர்த்து நினைத்த வணிகர் அதிகம் இருக்க மாட்டார்கள். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் மாவட்டம் மாவட்டமாக அறிவொளி இயக்கம் நடந்தது. மத்திய அரசு இரண்டு பங்கும் மாநில அரசு ஒரு பங்கும் போட்டன. கற்றுக் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். தெருவிளக்கின் கீழும் கோயில் திண்ணையிலும் வகுப்பு நடந்தது.

அவற்றில் தொழில் செய்யும் இடத்தோடு எழுத்தைச் சேர்த்துக் காட்டியது புதுக்கோட்டை. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது தொடங்கிய இயக்கம் அது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குச் சமமாகப் பேசப்பட வேண்டியது கல் குவாரி. குவாரியில் கல் உடைத்த பெண்களிடம் அறிவொளி போனது. அவர்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். எத்தனை லோடு போனது, எவ்வளவு வரவேண்டும் என்பதைத் தாங்களே பார்த்துக் கொண்டார்கள். எழுத்து அங்கே கூலியைத் தொட்டது. அதனால் வகுப்புக்கு ஆள் வந்தது.

வேலை செய்பவருக்கென்றே அரசு பணம் போட்ட இன்னொரு ஏற்பாடு ஷ்ரமிக் வித்யாபீடம். முதலாவது 1967-இல் பம்பாயில், ஆலைத் தொழிலாளர் நிறைந்த பகுதியில் வந்தது. எழுத்தறிவையும் கைத்தொழிலையும் ஒரே கூரையின் கீழ் கற்றுக் கொடுப்பது அதன் நோக்கம். 2000-இல் ஜன் சிக்ஷன் சன்ஸ்தான், அதாவது மக்கள் கல்வி நிறுவனம் என்று பெயர் மாறியது. 2018-இல் கல்வித் துறையிலிருந்து திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பள்ளியைப் பாதியில் விட்டவரும் சேரலாம் என்பது இதன் சிறப்பு. மற்ற பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு படிப்புத் தகுதி கேட்கும். 2016-இல் வந்த தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் பழகுநரின் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் ரூ.1,500 வரை, அரசு ஏற்றது. சில்லறை வணிகமும் அதில் உண்டு. இருந்தாலும் அது பள்ளி முடித்து வரும் இளைஞருக்கான வழி. நம் மூட்டைக்காரருக்கு அதில் இடமில்லை.

அவருக்கு இடமுள்ளது 2022 முதல் 2027 வரை என்று வகுக்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர் யாரும் சேரலாம். எழுத்து, எண் ஆகியவற்றோடு பணப் பரிமாற்றம், டிஜிட்டல் அறிவு, தொழில் திறன் ஆகியவையும் அதன் கூறுகள். ஐந்தாண்டுக்கு மொத்த ஒதுக்கீடு ரூ.1,037.90 கோடி, அதில் மத்திய அரசு ரூ.700 கோடி, மாநிலங்கள் ரூ.337.90 கோடி. இலக்கு ஐந்து கோடிப் பேர்.

நாம் வணிகர்கள். தொகையைப் பார்த்ததும் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காமல் விடமாட்டோம். வகுத்தால் வருவது ரூ.207.58. ஒரு கிலோ முந்திரிப் பருப்பு கூட வராது. ஐந்து வருடத்துக்கு ஓர் ஆளுக்கு அவ்வளவுதான். கற்பிப்பவர் தொண்டர், இடம் அரசுப் பள்ளி, பணம் புத்தகத்துக்கும் தேர்வுக்கும் மற்றச் செலவுக்கும். கல்வித் துறையினர் திறமையாக நடத்துவதால்தான் இந்தத் தொகையில் நடக்கிறது என்று நாம் மரியாதையோடு சொல்கிறோம். ஆனாலும் விலை மலிவாகத் தெரியும்போது, மீதி விலையை வேறு யார் கொடுக்கிறார் என்று கேட்பது நம் தொழில் புத்தி.

மீதி விலை

தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த பாடம் மூன்று பாகம். ஏறக்குறைய 200 மணி நேரம். முடிவில் ஒருவர் நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும்; 7 சொல் பார்த்து எழுத வேண்டும்; சொல்லச் சொல்ல 5 சொல் எழுத வேண்டும்; மூன்று இலக்கம் வரை கூட்டிக் கழிக்க வேண்டும். இந்த அளவுக்கு வர 200 மணி என்பது நியாயமான கணக்கு.

கிடங்கு ஆளுக்குக் கூலி ரூ.600 என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு மணிக்கு ரூ.75. இருநூறு மணிக்கு ரூ.15,000. அரசின் இருநூற்றேழு ரூபாய்க்குப் பக்கத்தில் இந்தப் பதினைந்தாயிரத்தை வைத்துப் பாருங்கள். படிப்பின் உண்மையான செலவு புத்தகமோ கரும்பலகையோ அல்ல, நேரம். அதை அரசு கொடுப்பதில்லை. நாமும் கொடுப்பதில்லை. வேலை முடிந்து இரவு பத்து மணிக்குக் கடை பூட்டிய பிறகு உள்ள நேரத்தில் ஆளே கொடுக்க வேண்டும். அவரால் முடியாது. அதனால் அவர் பெயர் சேர்க்கைப் பட்டியலில் இருக்கும், வகுப்பில் ஆள் இருக்காது.

பள்ளி வளாகத்தில் மாலை நேரத்தில் வகுப்பு வைத்தால் விவசாய வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய் வந்த பெண்களுக்கு வசதி. கடை ஆளுக்கு மாலை ஆறு முதல் ஒன்பது வரைதான் உச்ச வியாபாரம். திட்டம் வகுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை; கடைத்தெருவின் நேரத்தை நாம் போய்ச் சொன்னதில்லை.

வெளிநாட்டில் இந்த நேரச் செலவை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்கலாம். நம்மவர் நிறைய உள்ள சிங்கப்பூரில் 1979-இல் திறன் மேம்பாட்டு நிதி தொடங்கப்பட்டது. அப்போது குறைந்த சம்பள ஆட்களை வைத்திருந்த முதலாளி அவர்கள் சம்பளத்தில் ஒரு விகிதத்தைத் தீர்வையாகக் கட்ட வேண்டியிருந்தது. பயிற்சி கொடுத்தால் அந்த நிதியிலிருந்து மானியம் வாங்கலாம். கொடுக்காவிட்டால் கட்டியது போனதுதான். 1983-இல், தொடக்கப் பள்ளி முடிக்காத தொழிலாளருக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்றுக் கொடுக்கும் 'பெஸ்ட்' என்ற திட்டம் வந்தது. முதலாளிகள் மனமுவந்து அனுப்பினார்களா, கட்டிய பணத்தை எடுக்க அனுப்பினார்களா என்ற ஆராய்ச்சி வேண்டாம். ஆள் படித்தார்.

பிரிட்டனில் 2001-இல் பெரியவர்களின் அடிப்படை எழுத்துக்கும் கணக்குக்கும் பெரும் பணம் ஒதுக்கினார்கள். 2002-இல் சில பகுதிகளில், ஆளைப் பயிற்சிக்கு விடும் நேரத்துக்கான சம்பளத்தையே முதலாளிக்கு ஈடு செய்து பார்த்தார்கள். இது 2006-இல் நாடு முழுவதற்குமான திட்டமாக வளர்ந்து, அரசு மாறிய 2010-க்குப் பின் கைவிடப்பட்டது. இத்தகைய வகுப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் கண்டது இரண்டு. அரசுப் பணம் நின்றதும் பெரும்பாலான இடங்களில் வகுப்பும் நின்றது. வகுப்பில் கற்றதை வேலையில் பயன்படுத்த வாய்ப்பிருந்தவர்கள் மட்டும் பிறகும் முன்னேறிக்கொண்டே போனார்கள். இந்த இரண்டாவது செய்தி நமக்கு முக்கியம். படித்து வந்தவரை மறுபடியும் மூட்டையின் படத்தைப் பார்க்கச் சொன்னால் ஆறு மாதத்தில் எழுத்து மறந்துவிடும். சரக்குப் பட்டியலை அவர் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னால் மறக்காது.

"படிச்சா வேற இடத்துக்குப் போயிடுவான்" என்று நம் கூட்டங்களில் ஒரு குரல் எப்போதும் எழும். சிலர் போவார்கள், அதை மறுப்பதில் பயனில்லை. எதிர்க்கடைக்குப் போவார்கள், செங்கல்பட்டுக்குப் போவார்கள், மகேந்திரா சிட்டிப் பக்கம் காவலாளி வேலைக்குக் கூடப் போவார்கள். ஆனால் இந்த வாதத்தை முழுவதும் யோசித்தால், இதுவே அரசுப் பணம் வேண்டும் என்பதற்கான வாதம். ஒரு கடைக்காரர் செலவழித்து அந்தப் பலன் கடைத்தெரு முழுவதும் சுற்றுமானால், அந்தச் செலவை ஒரு கடைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. ஊர் பலன் பெறுவதால் ஊர்ப் பணம் வரவேண்டும். கேட்க நமக்கு உரிமையும் உண்டு. 1972-ஆம் ஆண்டு தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிச் சட்டப்படி, ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடையில் தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி இரண்டு பங்கு, அரசு ஒரு பங்கு என்று ஆண்டுதோறும் கட்டுகிறோம். கட்டணச் சீட்டைக் கோப்பில் போட்டு மூடிவிடுகிறோம். கடை ஆட்களின் எழுத்தறிவு வகுப்புக்கு அந்த நிதியிலிருந்து பங்கு கேட்டு மனுக் கொடுப்பது நியாயமான காரியம்.

நேரத்துக்கு நம் யோசனை இது. பிற்பகல் இரண்டரை முதல் மூன்றரை வரை பெரும்பாலான கடைகளில் ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார், அல்லது தூங்குவார். வாரம் ஐந்து நாள் அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் நாற்பது வாரத்தில் இருநூறு மணி நேரம். வியாபாரம் இல்லாத நேரம் என்பதால் பதினைந்தாயிரம் என்று மேலே போட்ட கணக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பத்துக் கடை ஆளுக்கொருவரை அனுப்பினால் ஒரு வகுப்பு. மதுராந்தகத்திலும் அச்சிறுபாக்கத்திலும் செங்கல்பட்டிலும் பத்துக் கடை சேர்வது கடினமல்ல. படாளம் போன்ற சிறு ஊரில் ஓட்டல், சைக்கிள் கடை, உரக்கடை எல்லாம் சேர்ந்தால் வரும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களை விட்டுவிட வேண்டும். சரக்கு இறக்கும் நாளிலும் வகுப்பு வைக்கக் கூடாது. வைத்தாலும் நாமே ஆளை அனுப்ப மாட்டோம் என்பது நமக்குத் தெரியும்.

பாடம் பற்றியும் ஒரு வார்த்தை. அரசுப் பாடநூல் தமிழ் எழுத்தைக் கற்றுத் தரும். அது தேவை. ஆனால் பொட்டலப் பொருள் விதிகளின்படி விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். தமிழில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ் முழுவதும் படித்துத் தேறிய நம் ஆள், பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறத்தைப் பார்த்து மீண்டும் விழிப்பார். ஆகவே சங்க வகுப்பில் இருபத்தாறு ஆங்கில எழுத்து, பன்னிரண்டு மாதங்களின் மூன்றெழுத்துச் சுருக்கம், எம்.ஆர்.பி., நிகர எடை, 'பெஸ்ட் பிஃபோர்', 'யூஸ் பை' ஆகியவற்றைச் சேர்த்தாக வேண்டும். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது பொருளின் தரம் முழுதாக இருக்கும் காலத்தைச் சொல்கிறது. 'யூஸ் பை' தாண்டினால் தொடவே கூடாது. இந்த வித்தியாசம் முதலாளிகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நாம் கேட்கவில்லை.

வடமாநிலத்திலிருந்து வந்து நம் கடைகளில் இருக்கும் இளைஞர்களுக்கு நிலைமை தலைகீழ். அவர்களில் பலர் இந்தி படிப்பார்கள். பாக்கெட் பிரச்சினை இல்லை. ஊர்க்காரர் எழுதி அனுப்பும் மளிகைச் சீட்டுதான் பிரச்சினை. அவர்களையும் இதே வகுப்பில் உட்கார வைக்கலாம். உப்பு, புளி, பருப்பு, சீரகம், வெந்தயம், கடுகு என்று ஐம்பது சொல்லில் தொடங்கினால் போதும். சரக்குப் பட்டியலைவிட நல்ல அரிச்சுவடி நம் கடையில் வேறு இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. முதலில் அவரவர் கடையில் எழுதப் படிக்கத் தெரியாதவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் உண்மை வராது. கூலிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது கவனியுங்கள். பெயரை மட்டும் படம் போல வரையக் கற்றவர்களும் இருக்கிறார்கள். தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, மத்தியானம் ஒரு மணி நேரம் சங்கக் கட்டடத்துல வகுப்பு நடக்கப் போகுது, போயிட்டு வாங்க, கூலி பிடிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். கடைசி மூன்று சொல் இல்லாமல் முதல் பாதியைச் சொல்ல வேண்டாம்.

பெயர்ப் பட்டியல் சேர்ந்ததும் சங்கத்தின் தாளில் எழுதி, அந்தந்த ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் கொடுத்து, புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் சங்கக் கட்டடத்தை ஒரு மையமாக ஏற்கவும், புத்தகம் தரவும், தேர்வு நடத்தவும் கேட்க வேண்டும். கற்பிக்க ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் நம் கடைக்கு வாடிக்கையாளராக வருகிறார். அவருக்குப் போக்குவரத்துச் செலவும் தேநீரும் சங்கம் கொடுக்கலாம். பத்துக் கடை பங்கு போட்டால் ஒரு கடைக்கு மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் போகாது. கடை வாடகைக் கணக்கில் அது தெரியக் கூடத் தெரியாது. வகுப்பின் முதல் நாளுக்கு ஒவ்வொரு கடையும் தன் ஆளிடம் அலமாரியிலிருந்து ஐந்து வெவ்வேறு பாக்கெட்டுகளைக் கொடுத்து அனுப்பட்டும். தேதி தாண்டியது ஏதாவது அதில் இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.